அம்மாவின் தலைமாட்டில் ஒட்டிய வசனம்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு 29 வயது. சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற உபதேசியார். நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், ஆதம்பாக்கத்தில் தங்கியிருக்கிறேன். போன வருடம் ஜனவரி முதல் தேதி ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்தம், "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." மார்ச்சில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வாக்குத்தத்த அட்டையை ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினோம். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. ஆகஸ்டில் அம்மா இறந்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஜெபக்குழு அக்கா ஒருவர், "வீட்டுல யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நான்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. தூக்கமும் இல்லை. உயிர்த்தெழுதலே கட்டுக்கதை என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தகுதியில்லாமல் எடுக்கக்கூடாது என்று நான்கு மாதமாகத் திருவிருந்துக்குப் போகவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு சின்னப் பெண், "அக்கா, உங்க அம்மாவுக்காக நாங்கல்லாம் ஜெபம் பண்ணோமே, ஏசப்பா கேக்கலையா?" என்று கேட்டாள். நான் பாட்டுப்புத்தகத்தை எடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். சந்தேகப்படுவது பாவமா? வகுப்பை விட்டுவிடட்டுமா? அப்பாவிடம் சொன்னால் உடைந்துபோவார். அந்த அட்டையைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பைபிளில் வைக்கவும் மனசு வரவில்லை. பீரோவில் கிடக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாக் கேள்வியும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

நான் இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் ஆயராக இருக்கிறேன். சலைன் ஸ்டாண்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய வசனம், தலையணை உறைக்குள் மடித்து வைத்த வசனம், ஸ்கேன் கவரின் மேல் பேனாவால் எழுதிய வசனம் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். அவற்றில் அதிகம் பார்த்தது உங்கள் வசனம்தான், 118-ம் சங்கீதம் 17-ம் வசனம். சிலர் அந்த அட்டையோடு வீட்டுக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. படுக்கையைச் சுத்தம் செய்யும் அம்மா ஒருவர், விட்டுப்போன அட்டைகளைக் குப்பையில் போட மனசில்லாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். என் மேஜை இழுப்பறையில் அப்படி ஏழெட்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்றின் மூலையில் மருந்துக் கறை இன்னும் போகவில்லை. உங்களைப் போலவே நானும் அவற்றைக் கிழிக்கவில்லை.

அந்தச் சங்கீதத்தை ஒரு நாள் முழுதாகப் படித்துப் பாருங்கள். அட்டையில் ஒரு வரிதான் இருக்கும். சங்கீதத்தில் 29 வசனம் இருக்கிறது. சத்துருக்கள் சூழ்ந்துகொண்ட இடத்திலிருந்து தப்பி வந்த ஒருவர், ஆலயத்தின் வாசலில் நின்று ஜனங்களோடு சேர்ந்து பாடும் நன்றிப் பாட்டு அது. யூதர்கள் பஸ்காப் பண்டிகையில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவார்கள். 118 அதில் கடைசி. இப்போது மத்தேயு 26-ம் அதிகாரத்துக்குப் போங்கள். கடைசி இராப்போஜனம் முடிகிறது. "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்." அந்தப் பாட்டு பஸ்காச் சங்கீதங்களின் முடிவுப் பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

அப்படியானால் நம் ஆண்டவரே அன்றைக்கு ராத்திரி அந்த வரியைப் பாடியிருக்கிறார். "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்று பாடிவிட்டு எழுந்து கெத்செமனேக்குப் போனார். அங்கே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் அவர் உயிரோடு இல்லை.

உங்கள் அம்மாவின் தலைமாட்டில் இருந்த வரியை அதே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால், முதலில் அது பொய்த்தது இயேசுவிடத்தில்தான். "நாளைக்குச் சாவு வராது" என்று அந்த வரி யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. சாவுக்குக் கடைசி வார்த்தை கிடையாது என்பதைத்தான் அது பாடுகிறது. மூன்றாம் நாள் காலையில் அந்தப் பாட்டுக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தது. அம்மாவைப் பற்றியும் அந்த நம்பிக்கையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அது உங்களுக்கு ஆறுதலாக இல்லாமல் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் 1530-ம் வருடம் ஜெர்மனியில் கோபர்க் கோட்டையில் ஆறு மாதம் போலத் தங்கியிருந்தார். இந்த 118-ம் சங்கீதம் அவருக்கு உயிர். 17-ம் வசனத்தை அந்தக் கோட்டையில் தம் அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தார். அதே வருடம், அவர் அங்கே இருக்கும்போதுதான் அவருடைய அப்பா இறந்துபோன செய்தி வந்தது. கடிதத்தைப் பார்த்தவுடன் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அழுதார் என்று கூட இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். சுவரில் வசனம் இருந்தது, அப்பா செத்தும் போனார். லூதர் அழுதார், வசனத்தை அழிக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வருடப்பிறப்பில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுக் கதவிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் வேதத்திலிருந்து ஒரு வரியைத் தனியே பிய்த்து, அச்சடித்து, "இது உங்கள் குடும்பத்துக்கு" என்று கையில் கொடுக்கிற நாங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது ஆயர்களாகிய எங்கள் தப்பு. அந்தக் கடனை நீங்கள் உங்கள் விசுவாசத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

சரி, அந்த அக்கா சொன்ன வார்த்தைக்கு வருவோம். அது உண்மையல்ல. சுற்றி வளைக்காமலே சொல்கிறேன், உங்கள் அம்மா உங்கள் விசுவாசக் குறைவால் சாகவில்லை. கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றின பிறகுதான் வெளியே தெரியும். டாக்டர்கள் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் என்ன சொன்னார்? தம்மிடம் சத்தம் போட்டு வழக்காடிய யோபு பேசினதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்த சிநேகிதர்கள்மேல்தான் கோபப்பட்டார். துக்கவீட்டில் காரணம் சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும். அந்த அக்கா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பதில் தெரியாத பயத்தில் பேசியிருப்பார். ஆனால் அவர் இறக்கி வைத்துவிட்டுப் போன பாரத்தை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்?

சந்தேகப்படுவது பாவமா என்று கேட்டீர்கள். சந்தேகம் என்றதும் நம் எல்லாருக்கும் இயேசுவின் சீஷரான தோமா ஞாபகம் வருவார். நீங்கள் தினமும் பரங்கிமலை (செயின்ட் தாமஸ் மவுண்ட்) ஸ்டேஷனைக் கடந்துதான் வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மலையும் சாந்தோமும் அவர் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர் இங்கே வந்தார், இங்கேயே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் முன்னோர் காத்து வந்த மரபு. தோமாவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது எல்லாரும் விரலையும் காயத்தையும்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின வசனம்தான் முக்கியம். "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்."

அந்த எட்டு நாளை நினைத்துப் பாருங்கள். மற்ற பத்துப் பேரும் உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம், கண்டோம் என்று சந்தோஷத்தில் இருக்கிறார்கள். இவர் ஒருவருக்கு மட்டும் நம்ப முடியவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அதே பேச்சு, படுக்கப் போனால் அதே பேச்சு. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். அவர்களும், விசுவாசமில்லாதவனுக்கு இங்கே இடமில்லை என்று துரத்தியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர் அதே வீட்டில் இருந்தார். ஆண்டவர் அந்த வீட்டுக்குத்தான் மறுபடியும் வந்தார்.

நீங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. வீட்டுக்குள் இருக்கிறீர்கள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுப்புத்தகத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். எனக்குப் பயம் உங்கள் சந்தேகத்தைப் பார்த்து அல்ல, இந்த ஒளிப்பைப் பார்த்துத்தான். ஒளித்து வைத்த சந்தேகம் உள்ளேயே புளித்துப்போகும். ஒரு நாள் ஆராதனைக்குப் போகாமல் இருப்பீர்கள், யாருக்கும் ஏன் என்று தெரியாது.

யாக்கோபு 1-ம் அதிகாரத்தை யாராவது உங்கள்மேல் எறிந்திருப்பார்கள். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள். யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய" தேவன் என்று இருக்கிறது. யாக்கோபு அங்கே கண்டிப்பது இருமனமுள்ளவனை, ஒரு காலைத் தேவனிடமும் இன்னொரு காலை வேறெங்கோவும் வைத்துக்கொள்கிறவனை. அம்மாவை இழந்துவிட்டு, "ஏன் ஆண்டவரே" என்று கேட்கிற மகளுக்கு எழுதின வசனம் அல்ல அது. சிறைச்சாலையில் இருந்த யோவான்ஸ்நானகன் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவனே கேட்ட கேள்வி! இயேசு அவனைத் திட்டவில்லை. பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ஜனங்களிடம் திரும்பி, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவனைவிடப் பெரியவன் இல்லை என்றார்.

உங்கள் ஆபீஸ் நண்பரின் கேள்வி வேறு வகை. அதற்குப் புத்தகம் படித்து, நேரம் எடுத்து யோசிக்க வேண்டும். இப்போதே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கண்டு வேதம் ஓடவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதே அதிகாரத்தில், ஐந்நூறு பேருக்கு மேல் அவரைக் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது. சிலுவை நடந்து ஏறக்குறைய 25 வருடத்தில் எழுதின கடிதம் அது. அம்மாவின் துக்கம் கொஞ்சம் தணிந்த பிறகு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம். துக்கத்தில் இருக்கும் மனசிடம் வாதத்தைக் கொடுத்தால் அது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்.

திருவிருந்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், என்ற வார்த்தை நம் சபைகளில் எத்தனை பேரைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறது! 1 கொரிந்தியர் 11-ல் பவுல் எதற்காக அதை எழுதினார் என்று பாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், கடைசியில் வருகிற ஏழைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று வேதனையோடு எழுதுகிறார். பக்கத்தில் பசித்திருப்பவனைப் பார்க்காமல் ஆண்டவருடைய பந்தியில் உட்காருவதைத்தான் அபாத்திரம் என்கிறார். நீங்கள் பசியாயிருக்கிறவர். அந்தப் பந்தி உங்களுக்காகவே போட்டது. வருகிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை போய் முழங்கால் போடுங்கள். ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை, கையை மட்டும் நீட்டுங்கள். பேதுரு தண்ணீரில் மூழ்கும்போது, இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று அப்புறம்தான் கேட்டார்.

ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை என்றால் கடன் வாங்குங்கள். அதற்குத்தான் சங்கீதம் இருக்கிறது. தினமும் ராத்திரி ஒரே ஒரு சங்கீதம், வாய்விட்டு. 13-ல் ஆரம்பியுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். 88-ம் சங்கீதத்தையும் படியுங்கள். துக்கச் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. "அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், பாடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். என் தம்பி விபத்தில் போன வருடம், அங்கி போட்டுக்கொண்டு பிரசங்கம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து நான் படித்தது இந்த ஒரு சங்கீதம்தான். அந்த மாதங்களில் என் சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம்கூடச் செய்யவில்லை. சபையார் ஆராதனையில் சேர்ந்து நிசேயா விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, என்னால் சொல்ல முடியாத வரியை அவர்கள் எனக்காகச் சொல்கிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். 325-ம் வருடம் நிசேயாவில் எழுதினபோது அது "விசுவாசிக்கிறோம்" என்றுதான் ஆரம்பித்தது. தனியாளுக்கு முடியாத நாளில் அந்தப் பன்மை தாங்கும்.

விசுவாசம் பழையபடி திரும்பி வருமா என்று உங்கள் கடிதம் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அதைத்தான் கேட்கிறது. பழையபடி வராது. ஜெபித்தால் சுகம், சுகமில்லையென்றால் விசுவாசக் குறைவு என்ற கணக்கு உங்களுக்கு உடைந்துபோய்விட்டது. அது உடைந்தது நல்லது. அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-ல் அவர் எழுதின கடிதங்கள் வெளிவந்தன. பல பத்து வருடங்கள் தேவன் பக்கத்தில் இருப்பதாகவே தனக்குத் தோன்றவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். அத்தனை வருடமும் அவர் காலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கினார். விசுவாசத்தில் வளர்வது என்றால் சந்தேகமே வராமல் போவது என்றுதான் நானும் இளவயதில் நினைத்தேன். இப்போது வார்டில் நான் பார்ப்பது வேறு. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தக் கேள்வியை ஆண்டவரிடமே கொண்டுபோகிறவர்கள் வளர்கிறார்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, மகனின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்து கத்தின தகப்பனின் ஜெபம் அரைகுறை ஜெபம்தான். ஆண்டவர் அவன் பிள்ளையைச் சுகமாக்கினார்.

தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனசு நிற்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றெல்லாம் இருந்தால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்ட எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான்.

வகுப்பை விட வேண்டாம். கஷ்டமாக இருந்தால் ஒரு மாதம் இன்னொரு அக்காவை எடுக்கச் சொல்லிவிட்டு, பின்பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஆனால் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆமா கண்ணு, நாம எல்லாரும் கேட்டோம். அம்மா இறந்துட்டாங்க. ஏன்னு அக்காவுக்கும் தெரியல. நானும் ஏசப்பாகிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். பெரியவர்களும் இப்படிக் கேட்கலாம் என்று எட்டு வயதில் தெரிந்துகொள்கிற பிள்ளை, உங்கள் வயதில் உங்களைப்போல ஒளிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக அப்பா. உடைந்துபோவார் என்கிறீர்கள். முப்பது நாற்பது வருடம் உபதேசியாராக இருந்தவர் எத்தனை துக்கவீட்டில் பாடியிருப்பார், எத்தனை குழிமேட்டில் நின்றிருப்பார். இப்போது அதே வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். அந்த அட்டையை ஒட்டின நாளில் அவரும் அங்கே இருந்தார். அதே கேள்வி அவருக்குள் இல்லை என்று எப்படி நினைக்கிறீர்கள்? மகளின் விசுவாசம் ஆடிவிடக்கூடாது என்று அவரும் உங்களிடம் ஒளித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் அப்பா கையில் கொடுத்து, "இதை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் 118-ம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து அவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் குரல் 17-ம் வசனத்தில் தடுமாறினால், அடுத்த வசனத்தை நீங்கள் வாசியுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆயர்